நிறத்துக்கு உத்தரவாதம் இல்லை

சுரினாமிலிருந்து வந்த பலகையை
இறக்க நால்வர் போதவில்லை.
ஒரு முனையைத் தூக்கிய முஃபிஸுல்
"மரமா, செத்த மாடா?" என்றான்.
பர்ப்பிள் ஹார்ட் என்று சிப்பத்தில் எழுதியிருந்தது.
மேலே தெரிந்ததோ
ஆறிப்போன கடுந்தேநீரின் நிறம்.

ஹார்ட் என்றால் இருதயமாம்.
அன்று முழுக்க ஜர்ஃப் பட்டறையில்
என் பெயர்தான் ஏலம்.
இருதயராஜ், உன் ஆள் வந்திருக்கான்.
இருதயராஜ், உன் ஆள் ரம்பத்தைத் தின்கிறான்.

தின்னத்தான் செய்தது.
புது வட்டரம்பம் பாதி நாளில் மழுங்கியது.
வேகம் கூட்டினால் பிசின் உருகி விளிம்பு கருகும்,
குறைத்தால் நின்று முறைக்கும்.
ஆணியை மதிக்காது:
முதலில் துளை, அப்புறம் திருகு,
இடையில் கொஞ்சம் மெழுகு.
தூளை மூச்சில் வாங்கியவனுக்கு மதியச் சோறு இறங்காது.
கரையான் வாய் வைக்காது.
தண்ணீரில் போட்டுப் பார்த்தோம்,
மூழ்கவில்லை;
மிதக்க விருப்பமில்லாததுபோல் கிடந்தது.

கேட்டு வரவழைத்தவர் ஷம்மா.
கடலைப் பார்த்த மஜ்லிஸுக்கு இரண்டு கதவு.
இழைக்கும் அன்று நேரிலேயே வந்துவிட்டார்.
உளிபட்ட இடத்தில் ஈரச் சிமெண்டு நிறம்.
மீன் வாங்குகிறவள் செவுளைத் தூக்குவதுபோல்
பலகையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து
"என் ஊதா எங்கே?" என்றார்.
காற்று படட்டும் மேடம் என்றேன்
பாதி அரபியில், மீதி கையில்.

ஞாயிறு விடுப்பு முடிந்து
திங்கள் காலை ஷட்டரைத் தூக்கினால்
பட்டறை முழுக்க ஊதா.
கத்தரிக்காய் என்றான் ஷேர்ஜமான்.
எனக்கு,
தவக்காலத்தில் சுரூபங்களைப் போர்த்தும் துணி.

ஒரு பலகைமேல் என் அடையாள அட்டை.
சனிக்கிழமை அளவெடுக்கையில் வைத்து மறந்தது.
அதைத் தேடித்தான் ஞாயிறு முழுக்க
அறையைக் கலைத்துப் போட்டிருந்தேன்,
மேல் படுக்கை தேவசகாயத்தைச் சந்தேகித்தும்விட்டேன்.
அட்டையை எடுத்தேன்.
அடியில் அட்டையளவு பழுப்பு.
வளைந்த மூலை நான்கும் கச்சிதம்.
போட்டோ மட்டும்தான் விழவில்லை.

உப்புத்தாள் போடட்டுமா என்றான் ஷேர்ஜமான்.
விடு என்றேன்.
செவ்வாயன்று ஓரம் மங்கியது.
வியாழனுக்குள் அந்தக் கட்டமும் ஊதாவாகி
மற்றதோடு சேர்ந்துகொண்டது.
இன்று அந்தக் கதவில்
எந்தப் பலகை அது என்று கேட்டால்
எனக்கே தெரியாது.

பில்லின் கடைசி வரிகளை நான்தான் தட்டினேன்.
வெயில் பட்டால் சில வருடத்தில் பழுப்பேறும்.
எண்ணெய் தாமதிக்கும், தடுக்காது.
நிறத்துக்கு உத்தரவாதம் இல்லை.
ஷம்மா இருமுறை படித்தார்.
"இத்தனை திர்ஹம் வாங்கிக்கொண்டு மறுபடியும் பழுப்பா?"
மறுபடியும் பழுப்புதான் மேடம்.
ஆனால் வேறு பழுப்பு.
சிரித்தாரா தெரியவில்லை.
பேனா கேட்டார்.

மிஞ்சியது மூன்றங்குலத் துண்டு.
பில்லியர்ட்ஸ் கோலுக்குப் பூண் கடைய
பக்கத்துக் கடைக்காரர் விலை பேசினார்,
ஐம்பது வரை போனார்.
தரவில்லை.

நுஐமியாவில் என் கட்டிலுக்கு ஒரு கால் குட்டை.
மேலே தேவசகாயம் புரண்டால்
கீழே நான் தோணியில் போவேன்.
துண்டை அந்தக் காலுக்கு அண்டை கொடுத்தேன்.
நான்கு மாதமாக அலை இல்லை.

வெயில் எட்டாத இடம்.
விருந்தாளி குனியாத இடம்.
நேற்று செருப்பைத் துழாவி
மொபைல் வெளிச்சத்தை அடித்தபோது
தூசிக்கும் பழைய உறைக்கும் நடுவே
எங்கள் இருவர் எடையையும் தாங்கிக்கொண்டு
அது அப்படியே இருந்தது,
மஜ்லிஸ் கதவைவிட ஒரு பிடி கூடுதலாக,
ஊதா.